காலையில் இறங்கும் ஊசி

ஷோவா 40 (1965), ஜூலை 22
கவாசே மின்நிலைய வீடு

அன்புத் தங்கை ஹருனோவுக்கு,

அமிதா புத்தர் கைவிடவில்லை. வெள்ளம் எங்கள் வாசற்படி வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. கீழே மின்நிலையக் கூடத்துக்குள் மட்டும் புகுந்து, ஜெனரேட்டரை இடுப்பளவு முக்கிவிட்டது. கோயிலிலும் தண்ணீர் ஏறியது. புத்தர் சிலையைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மற்றதெல்லாம் சேறு.

உன் கணவர் போன வாரமே வந்து சேர்ந்தார். நீ கொடுத்தனுப்பிய கடற்பாசிக்கு நன்றி. விலை அதிகமாக இருக்குமே, ஏன் வாங்கினாய்?

உனக்குத் தெரிந்ததுதான். ஆகஸ்ட் கடைசிக் கூட்டத்துக்குள் ஜெனரேட்டர் ஓடாவிட்டால், நிலையத்தை மின்நிறுவனத்துக்கு விற்றுவிடப்போவதாகக் கூட்டுறவுத் தலைவர் ஓபாதா சொல்லிவிட்டார். விற்றால் உன் அத்தானுக்குக் காவலர் வேலையும் இல்லை, எங்களுக்கு இந்த வீடும் இல்லை. ஜெனரேட்டருக்குப் புதுக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டக் கூட்டுறவிடம் வசதி இல்லை. "காயவைத்தாலே போதும், என் தங்கை கணவர் ஹிரோஷிமாவில் அதே வேலைதான் செய்கிறார்" என்று ஆண்கள் நடுவில் எழுந்து சொன்னவள் நான். சொன்ன வாய் இப்போது கொஞ்சம் பயப்படுகிறது.

ஏனென்றால், நனைந்ததைக் காயவைக்க வந்த மனிதர் முதலில் செய்தது, அதன்மேல் இன்னும் தண்ணீர் ஊற்றியதுதான். நான் கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, முங்கி எழுந்த பிள்ளைக்கு மறுபடியும் குளியலா?"

"சேறு இருந்தா காயாதுக்கா. சேறுதான் ஈரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும்."

சரி என்று விட்டேன். பிறகு ஜெனரேட்டரைச் சுற்றிக் கித்தானில் கூடாரம் கட்டி, உள்ளே மின்னடுப்புகள் வைத்திருக்கிறார். மெக்கர் என்று ஒரு பெட்டி. அதன் கைப்பிடியைச் சுழற்றினால் ஊசி ஏறும். ஊசி எவ்வளவு ஏறுகிறதோ, கம்பியைச் சுற்றிய காப்பு அவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். சூடு போட்ட பிறகு அது இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. உன் கணவரோ மீன் கிடைத்தவர் போல முகம் மலர்ந்து, "நல்லா வேலை செய்யுதுக்கா" என்கிறார். வீடு வீடாக மருந்துப்பெட்டி வைத்துவிட்டுப் போகும் தொயாமாக்காரரும் இப்படித்தான் பேசுவார். காய்ச்சல் ஏறினால் மருந்து வேலை செய்கிறது, இறங்கினாலும் மருந்து வேலை செய்கிறது.

தப்பாக நினைக்காதே. கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

உன் அக்கா,
கிகுயே

*

ஜூலை 26
ஹிரோஷிமா

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் தப்பியது கேட்டு அழுதேன். இங்கே சுகம். வெயில் சுவரைச் சுடுகிறது.

ஊசி முதலில் இறங்கத்தான் செய்யும் அக்கா. எனக்கே பாடமாகிவிட்டது, இவர் சாப்பிடும்போது வேறு என்ன பேசுகிறார்? அங்கங்கே மூலையில் ஒளிந்திருக்கும் ஈரம், சூடு பட்டதும் கிளம்பிக் காப்பு முழுக்கப் பரவும். அப்போது ஊசி இறங்கும். பிறகு கொஞ்ச நாள் அசையாமல் நிற்கும். அந்த ஈரம் ஆவியாகி வெளியே போகப் போக, ஏற ஆரம்பிக்கும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளேயே கொதித்துக் காப்பு வெடித்துவிடும். அதனால்தான் மெதுவாகப் போகிறார்.

சின்ன வயதில் என் கிண்ணத்தில் எத்தனை பருக்கை மிச்சம் என்று எட்டிப் பார்ப்பாயே, அந்தக் கண்ணை என் வீட்டுக்காரர் மேல் வைக்காதே. அவருக்குக் கத்தரிக்காய் ஊறுகாய் பிடிக்கும். அதை மட்டும் வை.

உன் தங்கை,
ஹருனோ

*

ஆகஸ்ட் 3
கவாசே

அன்புத் தங்கைக்கு,

புத்தரின் பேரைச் சொல்லி மனதை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே ஊசி இறங்கியது, நின்றது, ஏறவும் ஏறியது. உன்னைச் சந்தேகித்ததற்காக அன்று மாலை வீட்டுப் புத்தர் பீடத்தின் முன் தலை வணங்கினேன். ஆனால் இந்த வாரம் என்ன நடக்கிறது என்பதற்கு உன் பாடத்தில் பதில் இருக்கிறதா? மாலையில் ஏறியிருக்கும் ஊசி காலையில் இறங்கியிருக்கிறது. பகல் முழுக்க ஏற்றுகிறார். மறுநாள் காலை மறுபடியும் இறக்கம். மழை இன்னும் விடவில்லை என்றாலும், கூடத்துக் கூரை ஒழுகவில்லை, நானே ஏறிப் பார்த்தேன்.

நேற்று அவரிடம் கேட்டேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நேராகவே கேட்டேன். "தம்பி, பகல்ல ஏத்துறீங்க, ராத்திரியில யார் இறக்குறா?"

"அதைத்தான்கா நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்கிற முகமா இல்லையே. மூணாவது கிண்ணம் சோறு போட்டுக்கிட்ட முகமா இருக்கு."

சிரித்தார். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத ஆள்மேல் நான் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பேன்.

இன்னொன்று. மின்நிறுவனத்துக்காரர் ஒருவர் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, உன் கணவருக்குச் சிகரெட் கொடுத்து வெகுநேரம் பேசினார். நிலையத்தை வாங்கக் காத்திருப்பவர்கள் அவர்கள். ஜெனரேட்டர் காயாவிட்டால் லாபம் அவர்களுக்கு. பெரிய நிறுவனத்தில் ஒரு வேலை கிடைத்தால் லாபம் வேறு யாருக்கு என்று நான் எழுதவில்லை. நீயே நினைத்துப் பார்.

ஊறுகாய் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா,
கிகுயே

*

ஆகஸ்ட் 7
ஹிரோஷிமா

அக்காவுக்கு,

நேற்று ஆறாம் தேதி, குண்டு விழுந்த நாள். வழக்கம்போல் ஆற்றங்கரைக்குப் போய், மாமியார் பேரில் விளக்கு விட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் உன் கடிதம். வேறொரு நாளில் வந்திருக்கலாம்.

மின்நிறுவனத்துக்காரர் பேசியதை இவர் எனக்கு அன்றே எழுதிவிட்டார். ஜெனரேட்டரிலுள்ள செம்பைப் பிரித்துப் போட்டால் எடை எவ்வளவு வரும் என்று கேட்டாராம். "இது பழைய இரும்புக் கடை இல்ல சார், ஆஸ்பத்திரி" என்று சொல்லி அனுப்பினாராம். சிகரெட்டை வாங்கிக்கொண்டது உண்மை. அதற்கு என்னிடம் தனியாகத் திட்டு வாங்குவார்.

இப்போது நான் கேட்கிறேன். இரவில் யாரோ கூடத்துக்குள் வருகிறார்கள் என்று இவர் எழுதியிருக்கிறார். காலையில் கித்தான் மடிப்பு, தான் விட்டுப்போன மாதிரி இல்லையாம். ஒருநாள் தரையில் ஈரக் கால்தடம் இருந்ததாம். இரவுக் காவல் யார்? அத்தான். அத்தானை எழுப்பிக் கேட்டால், "யாரும் வரலையே" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்கிறாராம். மின்நிறுவனம் சிகரெட்டுக்கு மேல் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ள, அங்கே வேறு யாரும் இல்லையா? நிலையத்தோடு சேர்த்துக் காவலரையும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம் இல்லையா?

எழுதும்போதே கை கூசுகிறது. உனக்கு எழுதும்போது கூசவில்லையா?

உன் தங்கை,
ஹருனோ

*

ஆகஸ்ட் 10
கவாசே

திருமதி ஹருனோவுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக்காட்டவில்லை. இருபது வருடமாக அந்த மனிதர் இந்த நிலையத்தின் வால்வை மனைவியைவிட அதிகமாகத் தொட்டிருக்கிறார். அவர் விற்பாரா?

நான் ஓபாதாவிடம் போய் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். பாலம், சிகரெட், காலையில் இறங்கும் ஊசி, எல்லாம். அவர் உன் கணவரைக் கூப்பிட்டு, "உங்க வேலை போதும், ஊருக்குக் கிளம்புங்க" என்றார். உங்கள் பட்டறை முதலாளிக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். உன் கணவர் வாதாடவில்லை. "சூட்டை மட்டும் அணைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். குற்றமில்லாதவன் வாதாடுவான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூடத்துக்குள் யாரோ வருகிறார்கள் என்று எழுதினாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெளியார் ஒருவரும் வரவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவது நானேதான். வருவது எங்கள் கோயில் மகளிர் சங்கத்துப் பெண்கள். வெள்ளத்தில் ஊறிய கோயில் பஞ்சணைகளைச் சேறு போக அலசி வைத்திருக்கிறோம். முன்னோருக்கான ஓபோன் பூசைக்கு நூறு பேர் உட்கார வேண்டும். வெயிலோ கண்ணில் படவில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலேயே காய்ந்த இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். ஆகவே உன் கணவர் தூங்கப் போன பிறகு கொண்டுவந்து கூடாரத்தைச் சுற்றிச் சாத்தி, விடியுமுன் எடுத்துக்கொண்டு போகிறோம். கித்தானின் உச்சியில் இரண்டு முழ அகலத்துக்கு ஓட்டை விட்டு, அதன் வழியாக நல்ல சூட்டையெல்லாம் உன் கணவர் வீணடித்துக்கொண்டிருந்தார். கூட்டுறவு காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் கூரைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், கனமான பஞ்சணைகளை அந்த ஓட்டையின் மேலேயே அடுக்கச் சொன்னேன். அங்கே வைத்தவைதான் முதலில் காய்ந்தன. உன் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தடுப்பார். உன் அத்தானையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். புத்தர் காரியம், அவரும் சரி என்றார்.

ஆகவே திருட்டுத்தனம் எதுவும் எங்கள் பக்கம் இல்லை.

கிகுயே

*

ஆகஸ்ட் 12
ஹிரோஷிமா

அக்கா,

இவர் நேற்று வந்துவிட்டார். உன் கடிதம் இன்று வந்தது. சத்தமாகப் படித்தேன். பஞ்சணை இருக்கும் இடம் வந்ததும், "அதை மறுபடி படி" என்றார். படித்தேன். திட்டுவார் என்று நான் பார்த்தால், "பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது.

அந்த ஓட்டை சூடு வீணாவதற்கு இல்லை அக்கா. ஈரம் வெளியே போவதற்கு. காயிலிலிருந்து கிளம்பும் ஆவி அந்த வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் அதையே ஈரப் பஞ்சால் மூடி, சுற்றிலும் இன்னும் ஈரத்தைச் சாத்தியிருக்கிறீர்கள். பஞ்சணை காய்ந்தது என்றாயே, அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நினைத்தாய்?

பஞ்சணைகளை உடனே எடுத்துவிட வேண்டும். ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். சூட்டைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஊசி ஏறி, பிறகு பல வேளை அசையாமல் நின்றால்தான் ஓட்டிப் பார்க்கலாம். இதை அத்தானுக்குச் சொல்லச் சொன்னார். தந்தியும் கொடுத்துவிட்டார்.

ஓபாதாவின் கடிதம் பட்டறைக்கு வந்துவிட்டது. முதலாளி இவரை கம்பி சுற்றும் மேசையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டிருக்கிறார். "விலை போன கை" என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். இவருடைய சொத்து அந்தக் கையின் பேர் ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லிவிடு அக்கா. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹருனோ

*

ஆகஸ்ட் 19
கவாசே

என் அன்புத் தங்கைக்கு,

அமிதா புத்தரின் கருணையை என்னென்று சொல்வேன். தந்தி வந்த மாலையே பஞ்சணைகளை எடுத்துவிட்டோம். ஊசி ஏறியது, காலையில் இறங்கவில்லை. உன் கணவர் தோகுஜி சொன்னதில் ஒன்றுகூடப் பிசகாமல் உன் அத்தான் செய்தார். நேற்று ஜெனரேட்டர் ஓடியது. சத்தம் கேட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். நிலையம் விற்கப்படாது.

நீ கேட்டதையும் செய்துவிட்டேன். ஓபோன் பூசைக்குப் பிறகு, கோயிலில் ஒவ்வொருவரும் எழுந்து தன் மனதைச் சொல்லும் வழக்கம் உனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றேன். "ஈரத்தைக் கொண்டுவந்தவள் நான். ஒளி போகும் வழியை அடைத்தவள் நான். என் இருட்டை இன்னொருத்தர் தலையில் போட்டேன். நான் பாவி" என்று சொன்னேன். எல்லோரும் "நமான்தாபு, நமான்தாபு" என்று புத்தர் பேரைச் சொன்னார்கள். ஓபாதாவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருக்கள் அதையே எடுத்து, நாம் எல்லோரும் நெஞ்சின் வாசலை அடைத்து வைத்திருக்கிறோம் என்று அழகாகப் பேசினார். மனம் லேசாகிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. செருப்பு மாட்டும்போது ஓபாதா அருகில் வந்து, "நல்லாப் பேசினீங்கம்மா. ஆனா அந்த ஆளைச் சிபாரிசு பண்ணினதுக்கு நீங்க இவ்வளவு நொந்துக்க வேணாம். பாருங்க, அவன் போனான், மிஷின் காஞ்சுடுச்சு" என்றார். சுற்றிலும் ஆட்கள். நான் தலை வணங்கிவிட்டு வந்துவிட்டேன்.

அரிசியும் காய்ந்த காளானும் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
கிகுயே

*

ஆகஸ்ட் 22
ஹிரோஷிமா

அக்கா,

நிலையம் தப்பியதில் உண்மையாகவே சந்தோஷம். இவரும் அன்று கிடங்கிலிருந்து வந்து இரண்டு தடவை கேட்டார், "ஊசி எதுல நிக்குதாம்?" என்று.

அரிசி வந்தது. மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

நீ புத்தரிடம் சொல்லியிருக்கிறாய். புத்தருக்கு முன்பே தெரியும். இவரை ஊருக்கு அனுப்பியது புத்தர் இல்லை, பட்டறைக்குக் கடிதம் எழுதியதும் புத்தர் இல்லை. சந்தேகப்பட்டபோது எவ்வளவு தெளிவாகப் பேசினாய். பாலம், சிகரெட், இத்தனை மணி, இன்னார் என்று. உன் தவறைச் சொல்லும்போது மட்டும் ஒளி, இருட்டு என்று ஏன் பேசினாய்? நான் பாவி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கோயிலில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பஞ்சணையை ஓட்டையின் மேல் வைக்கச் சொன்னது நான் என்று சொன்னாயா? யாருக்குமே புரியக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாயோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஹருனோ

*

ஆகஸ்ட் 27
கவாசே

தங்கைக்கு,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அப்படியே கூட்டுறவு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தாக்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"தலைவரே, ஊசி காலையில இறங்கினதுக்குக் காரணம் கோயில் பஞ்சணை. ஈரத்தோட கொண்டுவந்து சாத்தினோம். ஆவி போற ஓட்டையை அடைச்சோம். அடைக்கச் சொன்னது நான். தோகுஜிக்குத் தெரியாது. மிஷினைக் காப்பாத்தினது அவர் அனுப்பின தந்தி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா, கோயில்ல சொன்னதையே மறுபடி சொல்றீங்க?"

"அங்க பிரசங்கம் பண்ணினேன். இங்க நடந்ததைச் சொல்றேன்."

அவர் தாழ்ந்த குரலில், "எங்க வீட்டுக்காரியும் இருந்தாளா?" என்றார்.

"இருந்தாங்க. ஏணி மேல ஏறி அடுக்கினது அவங்கதான். ஏறச் சொன்னது நான்."

குமாஸ்தாக்களில் ஒருவன் இருமினான். ஓபாதாவின் காது சிவந்தது. "இதை எழுதித்தான் ஆகணுமா? அவன் வேற ஊர்க்காரன், நாலு நாள்ல மறந்துடுவான்" என்றார். எழுதும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பட்டறை முதலாளிக்குக் கடிதம் எழுதி முத்திரை வைத்தார். படித்துக்காட்டச் சொன்னேன். "சிறு தவறு நேர்ந்தது" என்று எழுதியிருந்ததை, "எங்கள் தவறு" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். தபாலில் சேர்த்தாரா என்று தபால்காரரிடமும் விசாரித்துவிட்டேன்.

தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காக உன் அத்தானை இந்த வருட முடிவு வரை காவலர் பொறுப்பிலிருந்து இறக்கி, உதவியாளாக வைத்திருக்கிறார்கள். வீடு இருக்கிறது. மகளிர் சங்கத்தில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஓபாதாவின் மனைவி என்னைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து புத்தர் பேரைச் சொல்லிவிட்டு வருகிறேன். அங்கிருந்தும் அவர் தெரிகிறார்.

தோகுஜியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பதில் எழுது.

உன் அக்கா,
கிகுயே

*

செப்டம்பர் 2
ஹிரோஷிமா

அக்காவுக்கு,

ஓபாதாவின் கடிதத்தைப் பட்டறை முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்துப் படித்தார். இவர் மறுபடியும் தன் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, காய்ந்த காப்புக்கு இலையுதிர் காலத்தில் ஒரு தடவை வார்னிஷ் பூச வேண்டும் என்கிறார். கூட்டுறவு கூப்பிட்டால் போவேன் என்கிறார். அத்தானோடு உட்கார்ந்து ஊசியைப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு உன்மேல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே இல்லை, நான் தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டேன்.

அரிசி மூட்டையைப் பிரித்துவிட்டேன். நல்ல அரிசி.

நீ போய்ச் சொன்னது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்கா, அந்த மாதம் முழுக்க அவரைப் பற்றி ஓபாதாவிடம் சொன்னாய், கூரையில் ஏறிப் பார்த்தாய், கடைசியில் கடிதம் போனதா என்று தபால்காரரைக்கூட விசாரித்தாய். அவரோடு பதினாறு வருடம் வாழ்கிறவள் நான் ஒருத்தி இருந்தேன். நான் சொன்னதை நீ ஒரு தடவை நம்பியிருந்தால் போதும். அவர் கோபப்படாததாலோ என்னவோ, அந்தக் கோபமும் என்னிடமே தங்கிவிட்டது.

இலையுதிர் காலத்தில் அவர் வருவார். உன் வீட்டிலேயே தங்குவதாகச் சொல்கிறார், தங்கட்டும். நான் வரவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி அடுத்த வருடம் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலையில் குளிர் சீக்கிரம் வந்துவிடும்.

தங்கை,
ஹருனோ